நகராத வண்டியில் மூன்று நாள்



"அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, கேரவன்ல மூணு ராத்திரி தங்கிட்டு வரலாமா?" என்று என் தங்கை கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்குக் கேரவன் என்றால், சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே இளைப்பாறும் குளுகுளு வண்டிதானே! "நாம என்னடி நடிகையா?" என்றேன். அவளும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் தங்கை குடும்பம் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறது. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள் இரவு முறை. பெண்ணுக்குப் பதினொரு வயசு, பையனுக்கு ஏழு. 2023 மே மாதம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. ஒத்தாசைக்கு நான் கும்பகோணத்திலிருந்து போனேன். போன பிறகுதான் தெரிந்தது, இரண்டு வருஷமாகவே அவளுக்கு அதிக உதிரப்போக்கு இருந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்குமாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்ணாய்ப் பிறந்தால் வருகிறதுதானே என்று இருந்துவிட்டாள்.

ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். ஏழாவது வாரம் முதல் நாளே அடுக்களைக்குள் புகுந்துவிட்டாள். நான் விரட்டினாலும் போகிற ஜாதி இல்லை. அதைப் பார்த்துத்தான் அவள் வீட்டுக்காரர், "உனக்கு ஒரு மாறுதல் வேணும், கடலைப் பார்த்துட்டு வருவோம்" என்று ஆகஸ்ட் மாதம் ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மாறுதலுக்காக இரண்டு நாள் முன்னதாகவே இட்லிக்கு அரைத்ததும், புளிக்காய்ச்சல் கிளறியதும், போர்வை துவைத்ததும் யார்? அவள்தான்!

லெஸ்டரிலிருந்து கடற்கரைக்கு மூன்று மணி நேரப் பயணம். லிங்கன்ஷயர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் பூமி தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. ஒரு காலத்தில் சதுப்பு நிலமாம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து விளைநிலமாக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. எனக்கு நம் தஞ்சாவூர் ஜில்லா நினைவுதான் வந்தது. வழியில் பாஸ்டன் என்ற ஊர். அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பெயர் கொடுத்த மூல ஊர் இதுதான். ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுள்ள அதன் தேவாலயக் கோபுரம், நம் கோயில் கோபுரம் போலவே வெகு தூரம் கூடவே வருகிறது. அதைத் தாண்டிப் போனால் ஸ்கெக்னஸ்.

1873-இல் ரயில் வந்த பிறகு வளர்ந்த கடற்கரை ஊர் இது. டார்பி, நாட்டிங்காம், லெஸ்டர் என்று தொழிற்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்த ஊர்களின் ஜனங்களுக்குக் காலம் காலமாக இதுதான் கடல். ஊரைச் சுற்றி வரிசை வரிசையாகக் கேரவன்கள். பேருக்குத்தான் வண்டி. அடியில் சக்கரம் இருக்கிறது, ஆனால் நகராது. ஒரு தடவை இழுத்துவந்து நிறுத்தி, தண்ணீர், மின்சாரம், சாக்கடை எல்லாம் இணைத்துவிட்டால் அங்கேயேதான் கிடக்கும். எங்களுடையது 12 அடி அகலம், 35 அடி நீளம். அதற்குள் இரண்டு படுக்கையறை, குளியலறை, ஹால், அடுக்களை எல்லாம்! எங்கே என்கிறீர்களா? ஹாலும் அடுக்களையும் ஒன்றேதான். நடுவில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. சோபாவை இழுத்தால் கட்டில். அதுதான் எனக்கும் பெரியவளுக்கும்.

முதல் ராத்திரியே ஒரு கூத்து. ரசத்துக்குத் தாளிக்கலாம் என்று என் தங்கை கடுகைப் போட்டாள். கடுகு வெடித்ததோ இல்லையோ, கூரையிலிருந்த புகை மணி 'வீல்' என்று அலற ஆரம்பித்துவிட்டது! பெரியவள் காதைப் பொத்திக்கொள்ள, சின்னவன் குதிக்க, மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிறினார். அடுத்த கேரவன் பாட்டி எட்டிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் தாளிப்பு.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். படுக்கும்போது கால்மாட்டில் சுவரிலிருந்த சின்னச் சல்லடை வழியாகக் குளிர்காற்று வந்தது. பழைய புடவை ஒன்றைச் சுருட்டி அதில் அடைக்கப் போனேன். "அண்ணி, அதை மட்டும் அடைக்காதீங்க!" என்று மாப்பிள்ளை ஓடி வந்தார். அடுப்பும் வெந்நீரும் வெளியே வைத்திருக்கும் கேஸ் சிலிண்டரில்தான் ஓடுகின்றன. கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காற்று வந்து போகத்தான் அந்தச் சல்லடை. நம் வீட்டிலும் கேஸ் கீசர் வைத்த குளியலறைக்கு இதே விதிதான், சகோதரிகளே. குளிருகிறது என்று காற்றுவழியை அடைத்துவிடாதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்கெல்லாம் பாத்திரச் சத்தம். தங்கை எழுந்து இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். லெஸ்டர் வீட்டில் அடுக்களைக்குக் கதவு உண்டு. அவள் உள்ளே என்ன செய்கிறாள், எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறாள் என்று ஹாலில் இருப்பவருக்குத் தெரியாது. ஆவி பறக்கத் தட்டுதான் வெளியே வரும். இங்கே எல்லாமே கண்ணெதிரே. நாங்கள் நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவள் இரண்டடி தள்ளி நின்று பரிமாறினாள்.

சின்னவனுக்கு எதையும் எண்ணுகிற பழக்கம். வழியெல்லாம் காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்தான். அன்று சாப்பிட்டு முடிக்கும் சமயம், "பத்தொன்பது!" என்றான்.

"என்னடா பத்தொன்பது?"

"அம்மா பத்தொன்பது தடவை மேஜைக்கும் அடுப்புக்கும் போயிட்டு வந்துட்டாங்க. இன்னும் உக்காரவே இல்லை."

யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இட்லி தொண்டையில் நின்றது. அந்தப் பத்தொன்பதில் மூன்று எனக்காக. இன்னொரு இட்லி, பொடிக்கு எண்ணெய், ஒரு டம்ளர் தண்ணீர். ஒத்தாசைக்கு என்று ஐயாயிரம் மைலுக்கு அப்பால் வந்தவள் நான்! தங்கை மட்டும், "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, சாப்பிடு" என்று நின்றபடியே ஆறிப்போன இட்லியை வாயில் போட்டுக்கொண்டாள்.

கடற்கரைக்குப் போனோம். அகலமான மணல். கழுதைச் சவாரி, மணல் வாளி, இரண்டு பென்னி நாணயம் போட்டு விளையாடும் யந்திரங்கள், கையிலிருப்பதைப் பறிக்கும் கடல் காக்கைகள் என்று ஒரே திருவிழா. கடல்பாலம் ஒன்று இருக்கிறது. 1881-இல் திறந்தபோது வெகு நீளமாம். 1978 ஜனவரிப் புயல் பெரும் பகுதியைக் கொண்டுபோய்விட்டது. நம் மெரினாவில் அலை ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். அங்கே ஐந்தாறு மீட்டர்! காலையில் காலடியில் இருந்த கடல், மதியம் தேடிப் போகும்படி உள்வாங்கி நிற்கிறது.

அன்று கடல் குளம் போல அமைதியாக இருந்தது. மாப்பிள்ளை ஒரு கடையில் பெரிய ரோஜா நிற நாரைப் பொம்மை மிதவை வாங்கிக் காற்றடித்துச் சின்னவனிடம் கொடுத்தார். தண்ணீரோரம் போனார்கள். அதற்குள் கடற்கரைக் காவல் செய்யும் இளம்பெண் ஒருத்தி ஓடிவந்து, கம்பத்தில் பறந்த ஆரஞ்சு நிறக் காற்றுப்பையைக் காட்டினாள். அது பறந்தால் மிதவைகளைத் தண்ணீரில் இறக்கக் கூடாதாம். ஏன் தெரியுமா? நம் ஊரில் சாயங்காலக் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். பந்தைப் போட்டால் அலை திருப்பிக் கொண்டுவந்து தரும். இங்கிலாந்தில் பெரும்பாலும் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஸ்கெக்னஸ் கிழக்குக் கடற்கரை. ஆக, காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். அதனால்தான் கரையோரம் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரிகிறது. அந்த அமைதிதான் ஆபத்து.

அவள் சொல்லி முடிக்கவில்லை. சின்னவன் கையிலிருந்து மிதவை நழுவியது. ஒரு நொடிதான், தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. பையன் வீறிட்டான். மாப்பிள்ளை சட்டையோடு தண்ணீருக்குள் ஓடினார். இடுப்பளவு போய்விட்டார். நான் எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தப் பெண் விசிலை ஊதிக் கத்தினாள். நல்லவேளை, திரும்பிவிட்டார். பத்து நிமிஷத்தில் அந்த நாரை தொடுவானத்தில் ஒரு குங்குமப் பொட்டு. அதன்மேல் பையன் உட்கார்ந்திருந்தால்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அந்தப் பெண் வயர்லெஸ்ஸில், "வெறும் மிதவைதான், ஆள் இல்லை" என்று கடலோரக் காவலுக்குச் சொன்னாள். இல்லாவிட்டால் யாராவது பார்த்துப் பதறி, உயிர்காக்கும் படகை அனுப்பிவிடுவார்களாம். 1824-இல் ஆரம்பித்த தர்ம ஸ்தாபனம் அந்தப் படகுகளை நடத்துகிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவள் சொன்ன இன்னொரு பாடமும் எந்தக் கடலுக்கும், குளத்துக்கும் பொருந்தும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு திணறும். அப்போது கையைக் காலை உதறி நீந்தப் பார்க்கக் கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் மூச்சு சீராகும். பிறகு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். எந்த மிதவையும் உயிரைவிடப் பெரிதில்லை. பின்னால் ஓடாதீர்கள்.

மதியம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினோம். அந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். நாங்கள் விசாரித்து, தாவர எண்ணெயில் பொரிக்கும் கடையாகப் பார்த்தோம். பிள்ளைகள் உப்பும் வினிகரும் தெளித்துச் சாப்பிட்டார்கள். என் தங்கைக்கு அன்று ஒரு வேளை அடுப்பு மிச்சம்.

சாயங்காலம் பக்கத்துக் கேரவன் பாட்டி தேநீருக்குக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர், லெஸ்டர்க்காரர். என் ஓட்டை இங்கிலீஷில் புகை மணிக்கு மன்னிப்புக் கேட்டேன். பேச்சு வளர்ந்தது. அவருடைய அம்மா காலுறை ஆலைத் தொழிலாளி. இவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பத்தோடு ஸ்கெக்னஸ் விடுமுறை முகாமுக்கு வருவார்களாம். பில்லி பட்லின் என்பவர் 1936-இல் இங்கே ஆரம்பித்த முகாம் அது. 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் வந்ததும் இப்படிப்பட்ட முகாம்களுக்கு மவுசு கூடிவிட்டது. அங்கே மூன்று வேளையும் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவார்கள். ராத்திரி குழந்தைகள் அழுகிறார்களா என்று பார்க்கவும் ஆட்கள் சுற்றி வருவார்கள்.

"முதல் நாள் என் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்" என்றார் பாட்டி. "பிறகு நான் என் பிள்ளைகளோடு கேரவனுக்கு வர ஆரம்பித்தேன். செலவு குறைவுதான். ஆனால் எனக்கு அதே பாத்திரம் தேய்க்கிற தொட்டிதான். ஜன்னலில் மட்டும் கடல்!"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி. ஒட்டுக் கேட்பது என் பழக்கமல்ல. ஆனால் கேரவனின் பலகைச் சுவர் நம்மைக் கேட்க வைத்துவிடுகிறது.

"ரெண்டு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?"

ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு அவள் குரல்: "நீங்க கேக்கலை."

"நல்லாத்தானே இருந்தே..."

"கடலும் நல்லாத்தான் இருந்துச்சு."

அப்புறம் அவள் அழுகிற சத்தம். ஆபரேஷன் அன்று கூட அழாதவள். நான் போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டேன். என் கண்ணும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்தால், மாப்பிள்ளை அலமாரி அலமாரியாகத் திறந்து தேடுகிறார். "அண்ணி, டீத்தூள் எங்கே இருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். "நீங்க படுங்க. எங்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். தங்கையின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு, கட்டிலின் விளிம்பைக் கையால் பிடித்தபடி படுத்திருந்தாள். "சும்மா படுத்திருக்கறதும் ஒரு வேலையா இருக்குக்கா" என்றாள்.

அவர் டீயையும் அவளுடைய இரும்புச் சத்து மாத்திரையையும் ஒன்றாகக் கொண்டு வந்தார். நான்தான் தடுத்தேன். டீயும் காபியும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறோடு போட்டுக்கொண்டால் நன்றாகச் சேரும். இரத்தம் குறைவு என்று மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலைப் பலகாரத்துக்கு உப்புமா கிண்டினார். கட்டி கட்டியாக இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தட்டுகளை எடுக்கும்போது, பழக்க தோஷத்தில் நான் பெரியவளைப் பார்த்து, "எழுந்து அம்மாவுக்குக் கூட மாட ஒத்தாசை பண்ணுடி" என்றேன். சின்னவன் கேட்டான்: "நான் ஏன் எடுக்கக் கூடாது பெரியம்மா?"

சுருக்கென்றது. மாப்பிள்ளையை மனசுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பிள்ளை கண்ணாடி காட்டிவிட்டான். என் வீட்டிலும் ஒரு மகன் இருக்கிறான். பத்தொன்பது வயசு. அவன் சாப்பிட்ட தட்டை ஒரு நாளாவது எடுக்கச் சொல்லியிருக்கிறேனா? அவனைப் பரிமாறிப் பரிமாறி வளர்த்தவள் நான்தானே! "எடுடா கண்ணா" என்றேன். ஒரு டம்ளரை உடைத்தான். பரவாயில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் கணக்குச் சொன்னான்: "அப்பா பன்னிரண்டு, பெரியம்மா ஆறு, அக்கா நாலு, நான் ஒன்பது, அம்மா ரெண்டு."

"அந்த ரெண்டு எதுக்குடா?"

"சும்மா உக்கார முடியலையாம்!"

திங்கட்கிழமை காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். லெஸ்டர் வீட்டுக்குத் திரும்பிய இரண்டாவது வாரமே மாப்பிள்ளை இரண்டு நாள் பழைய குருடியாக உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஹாலிலிருந்த சாப்பாட்டு மேஜையைத் தூக்கி அடுக்களைக்குள்ளேயே போட்டார். கொஞ்சம் இடிபாடுதான். இருந்தாலும் இப்போது யார் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள் என்று எல்லார் கண்ணிலும் படுகிறது. முக்கியமாக, இப்போது அவள் தலை சுற்றினால் "சுத்துது" என்று வாய்விட்டுச் சொல்கிறாள். அவரும் கேட்கிறார்.

கும்பகோணம் திரும்பியதும் நானும் எண்ணிப் பார்த்தேன். அடுக்களைக் கதவின் பின்னால் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். ஒரு காலைச் சாப்பாட்டுக்கு 23. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். "இருபத்துமூணா!" என்றார். மறுநாள் தண்ணீர்ச் சொம்பை மட்டும் தாமே எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்று குறைந்தது! மகனும் தட்டைக் கழுவுகிறான், முணுமுணுத்துக்கொண்டே.

கடலுக்கும் கேரவனுக்கும் எல்லாராலும் போக முடியுமா? தேவையும் இல்லை. ஒரே ஒரு வேளை, ஒரே ஒரு சாப்பாடு, எத்தனை தடவை எழுந்தோம் என்று கோடு போட்டுப் பாருங்கள். அதோடு, உடம்புக்கு ஏதாவது என்றால், யாரும் கேட்கவில்லையே என்று காத்திராமல் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். உங்கள் எண்ணிக்கை என்னவென்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். என் 23-ஐ மிஞ்சியவர் யார் என்று அடுத்த முறை பேசுவோம்.